காற்றை அளந்த பெட்டி

மைக் செட் கடையில் எனக்கு ஒரே வேலைதான். மேடைக்குப் பக்கத்தில் ஆம்பிளிஃபயர் முன் உட்கார்ந்து வால்யூம் குமிழின் மேல் கை வைத்திருக்க வேண்டும். பேசுகிறவர் கத்தினால் குறைக்க வேண்டும், முணுமுணுத்தால் ஏற்ற வேண்டும். கொஞ்சம் தவறினால் கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரின் யூனிட் கருகிவிடும். கருகினால் திட்டு எனக்கு. கருகாமல் காப்பாற்றிய பதினைந்து வருஷத்துக்கு ஒரு வார்த்தை கிடையாது. கூட்டத்தில் ஒருவன் ‘ஏத்துப்பா’ என்பான், அடுத்தவன் ‘காது கிழியுது, எறக்குப்பா’ என்பான். நான் கூச்சக்காரன். யாருக்கும் பதில் சொன்னதில்லை.

எழுபதுகளின் கடைசியில், என் கை செய்வதை ஒரு பெட்டி செய்யட்டுமே என்று தோன்றியது. நான் எஸ்.எஸ்.எல்.சி.தான். மற்றதெல்லாம் ரேடியோ ரிப்பேர் செய்து கற்றது. பெட்டிக்குள் இரண்டு பகுதிகள். ஒன்று சத்தத்தை அளந்து, அதற்குத் தக்கபடி ஒரு வோல்டேஜைக் கொடுக்கும். மற்றது அந்த வோல்டேஜுக்குக் கட்டுப்பட்டுச் சத்தத்தைக் குறைக்கும், ஏற்றும். இதற்கு எஃப்.இ.டி. என்று ஒரு வகை டிரான்சிஸ்டர். மெட்ராஸில் வாங்கி வந்த பத்தும் பத்து விதமாக இருந்தன. முதலில் குரல், வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசுவதுபோலக் குழறியது. இரண்டு ரெசிஸ்டர் சேர்த்து அதைச் சரிசெய்ய மூன்று மாதம். அமுக்கிய சத்தத்தைச் சட்டென்று விட்டால் பேச்சு இரைப்பு நோய்க்காரர் மாதிரி மூச்சு வாங்கும். அந்த வேகத்தைப் பிடிக்க இன்னும் நான்கு மாதம். செங்கல்பட்டில் கடையின் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு நானே கத்தினேன், தகர டின்னைத் தட்டினேன். பெட்டி அசரவில்லை.

சதுரங்கப்பட்டினத்தில், பழைய டச்சுக் கோட்டைக்கு அந்தப் பக்கம் கடற்கரையில், மீனவர் கூட்டம் ஒன்று. சாயங்காலம் ஐந்து மணி. பெட்டியை இணைத்தேன். பேச்சாளர் ஒரே சீராகத்தான் பேசினார். குரலோ தானாகத் தாழ்ந்தது, எழுந்தது, மறுபடி தாழ்ந்தது. அவர் மைக்கிலேயே, “மைக்குக்கு இன்னிக்கு நாஸ்தா போடலியா?” என்றார். மணல் முழுக்கச் சிரிப்பு. கூட்டம் ஏற்பாடு செய்தவர் என் பக்கம் குனிந்து, “இன்னா அண்ணாத்த, டப்பாக்குள்ள யாராச்சும் தூங்கிகினு கீறாங்களா?” என்றார். பெட்டியைக் கழற்றிவிட்டுப் பழையபடி குமிழில் கை வைத்தேன்.

மறுநாள் கடை முதலாளி பாய், “கடை பேரே பேஜாராப் போச்சுப்பா. இனிமே அந்த டப்பாவ எடுத்தாராத” என்றார். அவருடைய மருமகன் பக்கத்தில் இருந்தார். டிப்ளமா படித்தவர், கடையில் அவரை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் பெட்டியைத் திறந்து இரண்டு நிமிஷம் பார்த்தார்.

“எந்த புஸ்தகத்துல இருந்து காப்பி அட்ச்ச? காப்பி அடிக்கவும் படிப்பு வேணும்.”

ஏழு மாதம். ஒரு புத்தகத்திலும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் மேல் இருந்த கோபத்தைவிட என் வாய் மேல் இருந்த கோபம் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டி, மைக், பேட்டரி, மீட்டர் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, கூட்டம் நடந்த அதே இடத்துக்கு அதே நேரத்தில் போனேன். மைக்கை மணலில் நட்டு, வாய் திறக்காமல் நின்றேன். பெட்டியில் மாட்டிய மீட்டரின் முள் ஏறியது, இறங்கியது. யாருமே பேசவில்லை. மைக்கின் மேல் கைக்குட்டையைப் போர்த்தினேன். முள் படுத்துவிட்டது.

கடல் காற்று. மைக்கில் அது மோதும் சத்தம் இடி உறுமல்போல மிகக் கனமானது. குழாய் ஸ்பீக்கரில் அந்தக் கனம் வராது என்பதால் காதுக்குத் தெரியவில்லை. அளக்கும் பகுதிக்கு மட்டும் அது பெரிய கத்தலாகத் தெரிந்து, பேச்சைப் போட்டு அமுக்கியிருக்கிறது. காற்றே இல்லாத பின்னறையில் கடலோரப் பெட்டியைச் சோதித்த மடையன் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். அளக்கும் பகுதிக்குப் போகிற வழியில் மட்டும், கனமான சத்தத்தைத் தடுக்க ஒரு சின்னக் கெப்பாசிட்டர் வைத்தேன். அவ்வளவுதான் குறை.

காற்றுதான் காரணம் என்று பாயிடம் சொல்லிக் கெஞ்சி, அதே கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். மருமகனும் வந்தார். பாயையே பேச வைத்தேன். கத்தினார், கிசுகிசுத்தார், காற்று வீசியது, குரல் நின்ற இடத்தில் நின்றது. “சோக்கா கீதுப்பா” என்றார். மருமகன் பெட்டியையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

அடுத்த வாரம் பெட்டியின் மூடியைத் திறந்தால், உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஸ்கேல் வைத்து அழகாக வரைந்த என் சர்க்யூட். கீழே ‘டிசைன்’ என்று போட்டு மருமகனின் கையெழுத்து. பாய் வந்து, “மாப்ள நல்லா வரைஞ்சிருக்காரு. இத்த பாத்து இன்னும் நாலு பண்ணிடு” என்றார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல். “பண்றேன் பாய். சாரு ஒண்ணே ஒண்ணு சொல்லட்டும். இந்தக் கெப்பாசிட்டர் எதுக்கு?”

மருமகன் தாளைப் பார்த்தார். “அது… கரகரப்பு வராம இருக்கறதுக்கு.”

“நம்ம பீச்சுக்குப் போனமே, எதுக்குப் போனம் சார்?”

“வேலக்காரன் கேள்வி கேக்கறான் மாமா, பாத்துகினு கீறீங்களே.”

பாய் தாளின் ஓரத்தை நகத்தால் கீறித் தானே உரித்தார். முழுதாக வரவில்லை, கையெழுத்து இருந்த துண்டு மட்டும் வந்தது. “வேலையப் பாருங்கப்பா” என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போய்விட்டார். அந்த இடத்தில் யார் பெயரை எழுதலாம் என்று அவர் கேட்கவில்லை. நான்கு பெட்டிகளும் செய்து முடித்தேன். அப்போதும் கேட்கவில்லை. அதை என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை.

மாமல்லபுரத்தில் கடலோரத் திருவிழா. கம்பத்துக்குக் கம்பம் குழாய். பெட்டி வேலை செய்ய, நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் நின்று பார்த்தார்.

“இன்னா அண்ணாத்த, கூலி வாங்கிகினு சும்மா குந்திகினு கீற?”

“டப்பா பாத்துக்குது. அத்த செஞ்சவன் நான்தான்” என்றேன்.

“அப்டியா?” என்றார். பந்தல் பக்கம் போய்விட்டார்.