வழி நம்முடையதுதான்

மாடி அறைக்குக் குடிவந்த அன்றைக்கே, இதை எழுதுகிறவன் மாஸ்டரைப் படிக்கட்டில் சந்தித்தான். இவன் ஒரு கையில் பக்கெட்டும் மறு கையில் புத்தக மூட்டையுமாக ஏறிக்கொண்டிருந்தான். அவர் மொட்டைமாடியில் காயவைத்த படகுப் பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் ஒதுங்க இடமில்லாத படி.

"நீங்க வாங்க தம்பி. ஏத்தத்துல வர்றவருக்குத்தான் முன்னுரிமை."

"இல்லைங்க, நீங்க சுமையோட இருக்கீங்க..."

"சுமைக்குன்னு தனிச் சட்டம் எதுவும் இல்லை. வாங்க."

சொன்னதோடு நிற்காமல், அத்தனை கனத்தையும் தூக்கிக்கொண்டு குதிகாலால் படியைத் தடவித் தடவிப் பின்னாலேயே மேலே ஏறிப்போனார். கீழே இருந்து ஒரு பெண் குரல் வந்தது: "ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடியைப் பாருங்க மாஸ்டர்!" அதுதான் அவர் மனைவி. தெருவே அவரை அக்கா என்றுதான் கூப்பிடும்.

கீழ்த்தளத்தில் இருந்தது அவர்களுடைய ஓட்டுநர் பள்ளி. முன்னறையில் ஒரு மர பெஞ்சு, சுவர் நிறைய சாலைக் குறிகள், மூலையில் உரித்துவைத்த பழைய கியர்பாக்ஸ். வாசலில் இரண்டு சின்னக் கார்கள். இரண்டிலும் பக்கத்து இருக்கையின் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. ஒன்றில் மாஸ்டர், மற்றதில் அக்கா. கல்யாணமான நாளிலிருந்து ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்கள். இத்தனை வருஷத்தில் இருவர் வண்டியிலும் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. அந்தப் பெருமை மாஸ்டருக்குக் கொஞ்சம் தலைக்கேறியும் இருந்தது.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல்தான் அவருக்குப் படகுப் பைத்தியம் பிடித்தது. இரண்டு பேர் படுக்க ஓர் அறை, ஒற்றை அடுப்பு, மடக்கினால் காணாமல் போகிற ஒரு மேஜை, பின்னால் பேருக்கு ஒரு சின்ன மோட்டார். அவ்வளவுதான் படகு. விடுமுறை சேர்ந்தாற்போல் வந்தால் பள்ளியைப் பூட்டிவிட்டு இருவரும் கரையோரமாகப் பாய் விரித்துப் போவார்கள். இரவு ஏதாவது ஒரு குடாவில் நங்கூரம் போட்டுத் தூங்குவார்கள். அக்காவுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. காரில் எந்நேரமும் அடுத்தவர் பயத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவருக்கு, அந்தத் தண்ணீர்ச் சத்தம் ஒரு மருந்து.

வம்பு சட்டத்தில் வந்தது. கடலிலும் வழி விதிகள் உண்டு என்று தெரிந்ததும் மாஸ்டர் குழந்தையாகிவிட்டார். பாயில் போகிற படகுக்கு மோட்டார் படகு வழிவிட வேண்டும். இரண்டும் பாய்ப்படகு என்றால், இடப்பக்கம் காற்று வாங்குகிறவர் வலப்பக்கம் காற்று வாங்குகிறவருக்கு ஒதுங்க வேண்டும். முந்துகிறவர் யாரானாலும் விலகித்தான் முந்த வேண்டும். "சிக்னல் இல்லை, போலீஸ் இல்லை, ஒரு கோடுகூடக் கிடையாது. இருந்தாலும் பாரு, எவ்வளவு அழகா எழுதி வெச்சிருக்கான்!" என்று சாப்பாட்டு மேஜையில் உப்புக் குப்பியையும் தம்ளரையும் நகர்த்தி நகர்த்திக் காட்டுவார்.

அக்காவும் அதே புத்தகத்தைப் படித்தவர்தான். "அதே பக்கத்துல கீழேயும் ஒண்ணு போட்டிருக்கே. எதிராளி ஒதுங்கலைன்னா, வழி உள்ளவனும் விலகணும்னு."

"அது கடைசி நேரத்துக்கு."

"கடைசி நேரம் வந்துடுச்சுன்னு யாருங்க வந்து சொல்வாங்க?"

மாஸ்டர் சிரித்து மழுப்பிவிட்டார். அக்கா சிரிக்கவில்லை.

முதலில் குறுக்கே வந்தது ஒரு உல்லாச மோட்டார் படகு. மாஸ்டர் அசையாமல் நேரே போனார். அதிலிருந்தவர்கள் கடைசியில் ஒடித்துத் திருப்பி, திட்டிக்கொண்டே போனார்கள். பிறகு பயணிகள் படகு. அதன் கம்பியோரம் நின்ற கூட்டமே கையை ஆட்டிக் கத்தியது. ஒரு தாய் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டது அக்காவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அப்போதும் மாஸ்டர் திசை மாற்றவில்லை. மாற்றினால்தான் எதிராளி குழம்புவான், வழி உள்ளவன் வழியிலேயே போவதுதான் ஒழுங்கு என்றார். சட்டப்படி அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அன்று இரவு அக்கா தீர்த்துச் சொல்லிவிட்டார். "இன்னொரு தடவை இப்படி நின்னீங்கன்னா நான் கரையிலேயே இருந்துக்கறேன். நீங்க உங்க சட்டத்தோட குடித்தனம் நடத்துங்க."

மாஸ்டர் ஒரு சமாதானத்துக்கு வந்தார். சுக்கான் இனி அக்கா கையில். வழி சொல்வது மட்டும் அவர். பள்ளிக் காரில் ஓட்டுகிறவர் ஒருவர், பக்கத்தில் சொல்கிறவர் ஒருவர் என்று இருப்பதுபோல. முதலிலிருந்தே இன்னொரு ஏற்பாடும் உண்டு. பாயின் அடிவிளிம்பைத் தாங்குகிற நீளக் கழி காற்று மாறும்போது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சீறிக்கொண்டு வரும். அப்படி வருமுன் சுக்கான் பிடிப்பவர் "தலை" என்று குரல் கொடுக்க வேண்டும். கேட்டவர் மறுபேச்சில்லாமல் குனிய வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் இதுவரை வாக்குவாதமே வந்ததில்லை.

அடுத்த நீண்ட விடுமுறையில் போய்விட்டுத் திரும்புகிற காலை. கரை இருக்கும் திசை தெரிந்தது, கரை தெரியவில்லை. பால் கலங்கினாற்போல் எங்கும் மூட்டம். காற்று இடப்பக்கம் பின்னாலிருந்து வந்தது. பாயும் கழியும் வலப்பக்கம் விரிந்து நின்றன. பறவைச் சத்தம்கூட இல்லை. டீயை ஊற்றிக் கொடுத்த மாஸ்டர், "என்ன, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி சுக்கானை இறுக்கிப் பிடிச்சிருக்கே?" என்றார்.

"ஏதோ சத்தம் கேக்குது. அடியில."

அவர் காது கொடுத்தார். கேட்டது. அடிவயிற்றில் உணர்கிற மாதிரி ஒரு உறுமல்.

இடப்பக்கத்து மூட்டத்திலிருந்து ஒரு இழுவைப் படகு வெளியே வந்தது. துறைமுகத்துக்குக் கப்பல்களை இழுத்துவரும் குட்டையான, தடித்த படகு. இவர்களுக்கு முன்னால் குறுக்கே போக வந்துகொண்டிருந்தது. அதன் உச்சியில் சாய்சதுர வடிவில் கறுப்பாக ஏதோ தொங்கியது.

"அது என்னங்க, மேல?"

"ஏதோ குறி. மோட்டார் படகுதானே? நாம பாய்ல வர்றோம். வழி நம்மது. அப்படியே போ."

இழுவைப் படகு ஐந்து முறை படபடவென்று ஊதியது.

"லாரிக்காரன் மாதிரி ஹாரனைப் பாரு!" என்றார் மாஸ்டர். அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. இல்லாத பிரேக்கை. அக்கா அதைப் பார்த்தார். தன் காலும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்தது.

"முன்னாடி போட்டி வேணாம். அவன் போகட்டும், நான் பின்னாடி போயிக்கறேன்" என்றார் அக்கா. குறுக்கே போகிற வண்டியை விட்டுவிட்டு அதன் வாலைத் தொட்டாற்போல் தாண்டுவது. சாலையில் ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். மாஸ்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், தடுக்கவில்லை.

இழுவைப் படகு குறுக்கே கடந்தது. அதன் பின்னால் தண்ணீர் காலியாக இருந்தது. அக்கா மூச்சுவிட்டு, அந்தக் காலி இடத்தைக் குறிவைத்தார். இழுவைப் படகின் பின்தளத்தில் ஒருவன் ஓடிவந்து இரண்டு கையையும் குறுக்காக வெட்டி வெட்டி ஆட்டினான். ஏதோ கத்தினான். எஞ்சின் சத்தத்தில் வாய் மட்டும் தெரிந்தது.

"போயிட்டுதான் இருக்கோம், இன்னும் என்னவாம்?" என்றார் மாஸ்டர்.

அப்போதுதான் அக்கா தண்ணீரைப் பார்த்தார். காலி என்று நினைத்த இடத்தில் ஒரு கோடு. தண்ணீருக்குள்ளிருந்து மெல்ல எழும்பி, விறைத்து, சொட்டி, மறுபடி அமிழ்ந்தது. தொடை கனத்தில் ஓர் இரும்பு வடம். அதன் ஒரு முனை இழுவைப் படகில். இன்னொரு முனை மூட்டத்துக்குள்.

மூட்டம் கறுத்தது. கறுப்பு சுவராயிற்று. கல் ஏற்றிய சரக்கு மிதவை, ஒரு தெருவின் அகலத்துக்கு, துருப்பிடித்த நெற்றியால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தது. அதற்கு எஞ்சின் இல்லை, சத்தமும் இல்லை. பின்னால் நீளமாக ஒன்றை இழுத்துவருகிறேன் என்றுதான் அந்தக் கறுப்புச் சாய்சதுரம் சொல்லியிருந்தது.

மாஸ்டர் எழுந்து அறையின் கூரைமேல் ஏறி நின்றார். வலது கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து, நிறுத்து என்று காட்டினார். முச்சந்தியில் காட்டுகிற அதே கை. மிதவையில் ஆளே இல்லை.

இடதுபக்கம் திரும்பினால் சுவர். நேரே போனால் வடம். வலப்பக்கம் ஒடித்தால் தப்பலாம். ஆனால் காற்று பின்னாலேயே பக்கம் மாறும், கழி கூரைக்கு மேலாக வீசும். அக்காவின் வாயில் அந்த ஒரு வார்த்தை வந்து நின்றது. சொன்னால் அவர் திரும்புவார். திரும்பி, "வேணாம், வழி நம்மது" என்பார். அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அக்கா வார்த்தையை விழுங்கிவிட்டுச் சுக்கானை ஒரே தள்ளாகத் தள்ளினார்.

கழி வந்த சத்தம் கதவை அறைந்தாற்போல் இருந்தது. மாஸ்டர் இருந்த இடத்தில் இல்லை. கம்பி வேலிக்கும் கூரைக்கும் நடுவே சுருண்டு கிடந்தார். பக்கத்திலேயே, கை நீட்டினால் தொடலாம் என்கிற தூரத்தில், துருச்சுவர் நீண்டுகொண்டே போயிற்று. அது கிளப்பிய அலையில் படகு இரண்டு முறை படுத்து எழுந்தது. அதன் பிறகு மூட்டமும் உறுமலும் மட்டும். அக்கா பாயை இறக்கி, மோட்டாரைக் கிளப்பி, ஒரு கையால் சுக்கானையும் ஒரு கையால் அவர் தலையில் வைத்த துண்டையும் பிடித்தபடி கரை சேர்ந்தார்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்து மூன்றாம் நாள் மாஸ்டர் கேட்டார்: "நீ ஏன் குரல் குடுக்கலை?"

"குடுத்திருந்தா குனிஞ்சிருப்பீங்களா?"

"குனிஞ்சிருப்பேன். அதுல நான் என்னிக்காவது எதிர்த்துப் பேசியிருக்கேனா?"

அது உண்மை. அக்கா ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார், உரித்துக்கொண்டே இருந்தார்.

"சட்டப்படி வழி நம்முடையதுதான்," என்றார் மாஸ்டர் கூரையைப் பார்த்தபடி. "கேட்டுப் பாத்துட்டேன். அவன்தான் ஒதுங்கியிருக்கணும்."

"ஆமா," என்றார் அக்கா.

இப்போது மாஸ்டருக்கு எதைப் பார்த்தாலும் இரண்டிரண்டாகத் தெரிகிறது. ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். முன்னறையில் உட்கார்ந்து சாலைக் குறிகள் மட்டும் நடத்துகிறார். கார் இரண்டில் ஒன்றை விற்றாயிற்று. மற்றதில் காலை ஆறு மணியிலிருந்து அக்கா. படகு கரையில் தார்ப்பாயின் அடியில் இருக்கிறது. இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள், ஒன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள். கூடத்தில் தனக்குப் பின்னால் அக்கா நடந்துபோனால் மட்டும் மாஸ்டர் சட்டென்று தலையைக் குனிந்துகொள்கிறார்.