ஆவணியில் ஒரு தேதி

அப்பாவுக்கு வயிற்றில் இருப்பது புற்றுநோய் என்று வீட்டில் முதலில் தெரிந்துகொண்டவள் நான்தான். நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் வேலை பார்க்கிறேன்; ஸ்கேன் ரிப்போர்ட்டை எனக்கு யாரும் வாசித்துச் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் என்னையும் அம்மாவையும் தனியாக உட்காரவைத்து, ஆவணியில் ஓணம் வரை தாங்குவது கஷ்டம் என்றார். அப்போது சித்திரை மாதம். அப்பாவிடம் குடல்புண் என்று சொல்லிவிட்டோம். அவரும் சரி என்று தலையாட்டிவிட்டு, போகிற வழியில் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கலாமா என்று கேட்டார்.

என் கல்யாணம் அதற்கு முன்பே பேசி முடிந்திருந்தது. மண்டபம் பிடிப்பது எங்கள் பக்கம் பெண்வீட்டார் பொறுப்பு. மண்டபம் எந்தத் தேதிக்குக் கிடைக்கிறதோ, அதை எடுத்துக்கொண்டுதான் ஜோசியரிடமே போவோம். ஆனிக்குள் நடத்திவிட வேண்டும். விட்டால் ஆடி, எங்கள் காலண்டரில் கர்க்கடகம், அதில் யாரும் தாலி கட்ட மாட்டார்கள். பிறகு ஆவணிதான். ஆனி என்றால் அப்பா மேடையில் நின்று என் கையைப் பிடித்துக் கொடுப்பார். ஆவணி என்றால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

வைகாசியில் மூன்று பேருமாக மண்டபம் பார்க்கக் கிளம்பினோம். மேடை, விளக்கு, அலங்காரம் எதுவும் அப்பா கண்ணில் படாது. எங்கள் ஊர் கொல்லயிலில் எந்த வீட்டுக் கல்யாணமானாலும் பந்தியில் சாம்பார் விளம்புகிறவர் அவர். அதனால் நேரே சாப்பாட்டு ஹாலுக்குப் போய், இரண்டு மேசை வரிசைக்கு நடுவே வாளி தூக்கிப் போவதுபோல் நடந்து பார்ப்பார். "இதுல எதுக்கால ஆளு வந்தா சாம்பாரு தலையிலதான் விழும்," என்பார். மானேஜர்கள் சிரிப்பார்கள். நடந்து முடிந்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு வெகுநேரம் உட்கார்ந்துவிடுவார். ஃபேன் காற்று வருகிறதா என்று பார்க்கிறாராம்.

பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் ஆனியில் ஒரு தேதி காலியாக இருந்தது. கார் நிறுத்த இடமில்லை, சுவரில் ஈரம் பூத்திருந்தது. "இது போதும்," என்று நான் பாய்ந்தேன்.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். "என்னத்துக்கு மக்கா இந்த அவசரம்?"

எந்த அப்பாவும் கேட்கிற கேள்விதான். ஆனால் அவர் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நாங்கள் மறைத்ததைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். பயம் வந்தால் எனக்குக் கோபம் வரும், பிறவிக் குணம். "எனக்கென்ன அவசரம்? ஒரு அவசரமும் இல்ல! ஆவணியிலயே வச்சுக்கிடுவோம். பெரிய ஆடிட்டோரியத்துல, ஏசி எல்லாம் போட்டு!" என்று கத்தினேன்.

அப்பாவின் முகம் தெளிந்தது. "அப்பிடிச் சொல்லு. எனக்கு ஒரே மவளாக்கும்," என்றார்.

அன்றைக்கே நெய்யாற்றின்கரை போகிற வழியில் பெரிய மண்டபம் ஒன்றில் ஆவணித் தேதிக்கு அட்வான்ஸ் கொடுத்தோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய், "நீ என்ன காரியம் பிள்ளே செஞ்சே?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "டாக்டரு என்ன கடவுளா? அப்பா இருப்பாரு," என்று அவளிடமும் எரிந்து விழுந்தேன். என் வாயில் கொள்ளிக்கட்டையை வைக்க! தேதியை மாற்றலாம் என்று சொல்ல எத்தனை தடவை அப்பாவின் அறை வாசல்வரை போயிருக்கிறேன்! காரணம் கேட்பாரே. அவர் கட்டிலில் படுத்தபடி, பந்திக்குப் பாயசம் அடைப்பிரதமனா பாலடையா என்று அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சண்டை பிடித்துக்கொண்டிருப்பார். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆடி பிறந்து பத்தாம் நாள் அப்பா போய்விட்டார்.

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குக் கல்யாணம் கிடையாது. பதினாறு முடிந்ததும், தேதியை வேண்டாம் என்று சொல்ல நான் தனியாக அந்த மண்டபத்துக்குப் போனேன். மானேஜருக்கு அப்பாவை நன்றாக ஞாபகம் இருந்தது.

"அண்ணன் பொறவு ஒருக்கா தனியா வந்தாவ, கேட்டியளா," என்றார். "ஆனியில தேதி உண்டுமான்னு கேட்டாவ. ஒரு கூட்டரு வேண்டாம்னு விட்ட ஞாயித்துக்கிழம ஒண்ணு உண்டு, எடுத்துக்கிடுங்கன்னு நானும் சொன்னேன்."

"பொறவு?"

"வேண்டாம்னாவ. தனக்கு வயித்துல என்ன சூக்கேடுன்னு தனக்குத் தெரியும்னு சொன்னாவ. 'தேதிய மாத்தினா மவ ஏன்னு கேப்பா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது, சந்தோசமா நிக்கா. கல்யாணப் பொண்ணு இப்பமே கண்ணீரு விட்டுக் கரையாண்டாம்'னு சொல்லிட்டு எழும்பிப் போனாவ."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கும் தெரியுமா என்று பார்க்கத்தான் அன்றைக்கு என்னத்துக்கு அவசரம் என்று கேட்டிருக்கிறார். நான் கத்தியதை நம்பிவிட்டார். பாவி, அவ்வளவு நன்றாக நடித்திருக்கிறேன்! எனக்குத் தெரியும் அப்பா, எனக்கும் தெரியும் என்று மானேஜரின் மேசையில் தலையை வைத்து வாய்விட்டு அழுதேன். மானேஜர் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார்.

அழுது ஓய்ந்ததும், அந்த ஞாயிற்றுக்கிழமை வேறு யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"ஆரும் வரல்ல. ஹாலு பூட்டித்தான் கெடந்துது."

அந்த ஞாயிறு அப்பா நன்றாகத்தான் இருந்தார். இரண்டு தோசை சாப்பிட்டார், கேட் வரைக்கும் நடந்துவிட்டு வந்தார். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.