கடலைப் பார்க்கப் போன முக்காலி

இப்படித்தான் நடக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். எக்ஸ்ரே சிவலிங்கம் ஐயா கெமரா முக்காலி வாங்கிய அன்றே, பதுளைக் கடைத்தெருவில் நாலு பேர் கேட்க நான் சொன்னேன்: "ஐயா, இந்தச் சாமான் நமக்கெல்லாம் பிறகும் நிக்கும்." அவர் சிரித்தார். போன மாதம் ஒரு காலையில் நான் வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது, அந்த முக்காலியை விற்ற ரியாஸ் நானா தொலைபேசியில் அழைத்தார். "மாமா, எக்ஸ்ரே ஐயா மௌத்தாகிட்டாராம். விடியக்காலம் நித்திரையிலயாம்." சாவு வரும் என்று முன்பே தெரிந்தவன்தான் நான். ஆனாலும் குழாயை மூடத் தோன்றவில்லை. தண்ணீர் பக்கத்து ஊர் ஹாலிஎல வரைக்கும் ஓடியிருக்கும்.

இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேருடைய நெஞ்சுக்கூட்டை ஐயா பார்த்திருப்பார். ஆஸ்பத்திரியின் சன்னல் இல்லாத அந்த அறையில் அவருடைய குரலைக் கேட்டிருப்பீர்கள்: "மூச்ச இழுத்துப் பிடிங்க. ஆடாதீங்க. ம், இப்ப விடுங்க." நான் வேன் கூரையிலிருந்து விழுந்தபோது என்னையும் படம் பிடித்தார். இந்த ஊவா மாகாணத்திலேயே இவ்வளவு உறுதியான விலா எலும்பைத் தான் கண்டதில்லை என்று அன்று சொன்னார். பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ்ஸி, அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்பார். மிஸ்ஸிக்குக் காது மந்தம்.

ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு அவர் எடுத்த படங்களில் ஒன்று அவருடைய மனைவி பாக்கியத்தின் இடுப்பெலும்பு. குளியலறையில் விழுந்துவிட்டார். மேசையில் கிடத்திவிட்டு, எல்லோருக்கும் சொல்வது போலவே மனைவிக்கும், "ஆடாத" என்றாராம். "ஆட முடிஞ்சா நான் ஏன் இங்க வாறேன்?" என்றாராம் அவர். இதை ஐயாவே எனக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். விழுந்த பிறகு பாக்கியம் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கவில்லை. மலை ஏறுவது என்ற பேச்சே இல்லை.

மலைக்கும் அவர்களுக்கும் ஒரு பழைய வழக்கு இருந்தது. பாக்கியம் பிறந்தது ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அவர்களுடைய லய வீடுகளுக்கு மேலே ஏறி நின்றால், தெளிவான காலையில் தெற்கே கடல் ஒரு கோடாகத் தெரியும் என்பார். ஐயா நம்பவே மாட்டார். "நீ பாத்தது ஏதாச்சும் குளமா இருக்கும்" என்பார். "குளத்துக்கும் கடலுக்கும் வித்தியாசம் தெரியாதவளையா கட்டுனீங்க?" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கலியாணமான நாள் முதல் ஓயாத சண்டை. பாக்கியத்தால் இனி ஏற முடியாது என்று ஆனபிறகுதான் ஐயாவுக்கு அந்த எண்ணம் வந்தது. தானே போய், அந்தக் கடலைப் படமாக எடுத்துக்கொண்டு வந்து, அவருடைய கட்டில் பக்கத்தில் வைக்க வேண்டும். இருட்டறையில் எலும்பு எலும்பாக எடுத்த மனிதர், வெளிச்சத்தில் எடுக்க ஆசைப்பட்டது அந்த ஒரு படம்தான்.

விடியற்காலை வெளிச்சம் போதாது, கையில் பிடித்தால் படம் கலங்கும், ஆகவே முக்காலி வேண்டும். ஐயாவின் இருதயமோ பலவீனமானது. பாரம் தூக்கக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த நிலையில் அவர் ஆலோசனை கேட்டது என்னிடம். நான் வெள்ளைக்காரர்களை வேனில் ஏற்றி இறக்கியவன். அவர்களுடைய முக்காலிகளைத் தோளில் சுமந்தவன். ஒரு ஜெர்மன்காரர் என்னைக் கேட்காமல் ஒரு ஸ்க்ரூகூட வாங்கமாட்டார்.

ரியாஸ் நானா மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று கலியாண வீட்டு வீடியோக்காரர்கள் வைத்திருக்கிற பெரிய உருப்படி. அடுத்தது, குடைக்கம்பி மாதிரி மெல்லிய கால்கள், அடுக்கடுக்காக நீளும். மூன்றாவது கறுப்பு, கார்பன் என்றார். நான் ஒரே பார்வையில் பெரியதைக் காட்டினேன். ஐயா என்னைக் கவனிக்கவில்லை. ஒவ்வொன்றையும் நெஞ்சு உயரத்துக்கு விரித்து, கெமராவை மாட்டி, ஒரு விரலால் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தார். குடைக்கம்பியின் படம் நடுங்கிக்கொண்டே இருந்தது.

"இதுக்குக் காய்ச்சல், நானா" என்று ஒதுக்கினார்.

"பெருசு அசையுதா பாத்தீங்களா? நான் சொன்னேன்ல?" என்றேன்.

"அது ஆடாது. அதத் தூக்கிட்டு ஏறுனா நான் ஆடுவேனே."

"தூக்க நான் இருக்கேன்யா."

"வேன்காரரே, நீங்க தூக்குனா அது உங்க படமாயிரும். ஊரு முழுக்க உங்க கதைதான் ஓடும்."

நானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஐயா கறுப்பு முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தித் தட்டினார், ஆடியது. இறக்கித் தட்டினார், உடனே நின்றது. கால்களை வேறு வேறு அளவில் சரித்து, சரிவில் நிற்பது போல நிறுத்திப் பார்த்தார். நடுவில் அடியிலே ஒரு கொக்கி இருந்தது.

"இது எதுக்கு நானா?"

"பாரம் தொங்கவிட, ஐயா. இது லேசுதானே, காத்தடிச்சா பேக்க அதில கொளுவலாம்."

ஐயாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப பாரத்த நாம ஏன் பதுளையில இருந்து சொமக்கணும்? மலையில கல்லு இருக்குதே!" என்றார். அந்தச் சொல்லை நான் இன்னும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். கொக்கியை முதலில் கண்டது நான்தான் என்பதையும் இங்கே பதிந்துவைக்கிறேன்.

ஹல்துமுல்லைக்கு இருட்டோடு போய்ச் சேர்ந்தோம். வாங்கிய கறுப்பு முக்காலியை அவரே தோளில் போட்டுக்கொண்டார். தேயிலைக்கு நடுவே உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். மேலே அடித்த காற்றில் ஒரு தகரக் கூரை கிளம்பி மொனராகலையில் போய் விழுந்தது என்றால் நம்புங்கள். பாக்கியம் கொடுத்தனுப்பிய பூப்போட்ட சீத்தைத் துணிப் பையில் கல்லை நிரப்பிக் கொக்கியில் மாட்டினோம். பை ஊஞ்சலாடி முக்காலியையே உலுக்கியது. ஐயா அதன் கால்களைக் குறுக்கி, பையின் அடி மண்ணைத் தொடும்படி இறக்கினார். "தொங்குறது ஆடினா தாங்குறதும் ஆடும்" என்றார். முக்காலி குத்துக்கல்லாக நின்றது.

எங்களுக்குக் கீழே முழுக்கப் பனி. காத்திருந்தோம். நான் ஜெர்மன்காரர் கதையை ஆரம்பித்தேன். "மூச்ச இழுத்துப் பிடிங்க. ஆடாதீங்க" என்றார் ஐயா. அப்போது பனி இரண்டாகப் பிரிந்தது. தூரத்தில், கத்தியால் கீறினாற்போல, வெள்ளியாக ஒரு கோடு. கடல். ஐயா பொத்தானை அழுத்திவிட்டு, "அவ சொன்னது சரிதாங்க" என்றார்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சாவு வீட்டில் பெட்டிக்குத் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். வந்தவர்கள், "வெள்ளையாத்தானே இருக்கு, கடல் எங்க?" என்றார்கள். நான் இடது மூலையில் விரலை வைத்துக் காட்டினேன். காட்டக் காட்ட எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு ஆசிரியர் அலைகூடத் தெரிகிறது என்றார். ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த பாக்கியம் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கருமாதி முடிந்து, கூட்டம் கலைந்தபிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, நீங்க காட்டுன பக்கம் மலைதானே இருக்கு. கடல் அந்தப் பக்கம்."

காட்டிய விரலை நான் மடக்கிக்கொண்டேன். அவர் கதவு மூலையிலிருந்து முக்காலியை எடுத்து என் கையில் கொடுத்தார். சீத்தைப் பை அதிலேயே சுற்றியிருந்தது.

"தெளிஞ்ச நாளாப் பாத்துப் போயி எடுத்துட்டு வாங்க."

இப்போது அது என் வேனில், ஆசனத்துக்குப் பின்னால் கிடக்கிறது. ஐயாவிடமிருந்து என்னிடம் தங்கியது அதுவும், மலையில் கல் இருக்கிறது என்ற அந்தச் சொல்லும்தான். எடுத்துத் தோளில் போட்டால் பாரமே தெரியவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அவரைத் தெரிந்த உங்களிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்குப் பனி பிரியவில்லை. வெயில் ஏறும்வரை நின்றோம், வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. கதையில் கடலை நான்தான் சேர்த்தேன். ஆனால் "அவ சொன்னது சரிதாங்க" என்று ஐயா சொன்னது உண்மை. வெறும் பனியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.