பெரியப்பாவின் அம்பாள்

கட்கி குவார்ட்டர்ஸை விட்டுக் கோந்த்வாவில் ஃபிளாட் வாங்கிய பிறகும் பெரியப்பாவின் பூஜை அலமாரியில் அந்தப் படம்தான் நடுநாயகம். நீல நிறத்தில் இரண்டு பாதங்கள். குதிகால் வெடிப்புகளில் பொன்னிறக் கோடுகள். தினமும் குளித்துவிட்டு வந்து அதற்குச் சாமந்தி சாத்துகிறார். பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவை அவருடைய சொந்தத் தங்கையின் கால்கள். என் அத்தை அதே ஊரின் இன்னொரு கோடியில், ஔந்தில், ஒற்றை அறையில் இருந்தாள். தன் உடம்பின் மேலேயே வண்ணம் தீட்டி, காமிராவை ஸ்டாண்டில் நிறுத்தி, தானே படம் எடுத்து, கழுவி வந்த படத்தின் மேல் மறுபடி தூரிகையை ஓட்டுவாள். வண்ணம் காயும்வரை அசையக் கூடாது. மூக்கு அரித்தால் நான்தான் சொறிந்துவிட வேண்டும். தொண்ணூறுகளில் ஒருமுறை அவளுடைய முதுகுப் படம் மராத்திப் பத்திரிகையில் வந்தது. முதுகுதான், வேறொன்றுமில்லை. பஜனை மண்டலியில் யாரோ கேட்டுவிட்டார்களாம், பெரியப்பாவுக்கு மானம் கப்பலேறிவிட்டது. அன்றோடு தங்கையைத் தலைமுழுகினார். நான் மட்டும் அவருக்குத் தெரியாமல் போய்வந்துகொண்டிருந்தேன்.

அத்தை எனக்குக் கொடுத்த பாதப் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, நான் வாயைத் திறக்குமுன் பிடுங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஆஹா, அம்பாள் பாதம்டி!" எங்கிருந்து வந்தது என்றுகூடக் கேட்கவில்லை. மறுநாளே கண்ணாடி போட்டு, பொட்டு வைத்து, மாட்டியாகிவிட்டது. பஸ் ஸ்டாப்புக்கும் மார்க்கெட்டுக்கும் நடந்து வெடித்த குதிகால் ஐயா அது!

என் கல்யாணத்துக்கு அத்தை வந்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தேன். அப்பா இல்லாத வீடு. பெரியப்பா வைத்ததுதான் சட்டம். கற்பூரத் தட்டும் கையுமாகச் சொன்னார்: "ஒடம்ப காட்டிப் பொழைக்கிறவ. அவ காலு என் கண்ணுல படக்கூடாது, சம்ஜா?" சொல்லிவிட்டுத் திரும்பி, அந்தக் காலுக்கே கற்பூரம் காட்டினார். தூ!

அன்றே ஔந்துக்கு ஓடினேன். "அவரு மூஞ்சிக்கு நேரா சொல்லிடப்போறேன் அத்தை" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அழுதாள்.

"வேணாம்டி. தெரிஞ்சா கழட்டி வீசிடுவாரு. அந்த வூட்டுல அதுவாவது இருக்கட்டும்."

வாயை மூடிக்கொண்டேன். கல்யாணத்தன்று காலை மண்டபத்துக்குக் கிளம்புமுன், "அம்பாள் பாதத்துல வுழுந்து கும்புட்டுக்கோ" என்று பெரியப்பா என்னை இழுத்துவந்து நிறுத்தினார். விழுந்தேன். அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி மனதாரக் கும்பிட்டதில்லை. "அத்தை, போய்ட்டு வரேன்" என்று முனகியது யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் அவரும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தார், தங்கையின் காலில்.