கெட்டுப்போன படங்கள்

தொண்ணூறுகளின் தொடக்கம். கொரட்டூரில் ஸ்டேஷனை ஒட்டிய தெருவில் குடியிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் தட்டிய பெண்மணி, முன்பின் பார்த்திராதவர், எடுத்த எடுப்பில் கேட்டார்: “எம்மா, எங்க ஊட்டுக்காரரு போட்டோ உங்க ஊட்ல கீதாமே?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவர் வீட்டுக்காரர் படம் எங்கள் வீட்டில் ஏன் இருக்க வேண்டும்? நானும் அம்மாவும் மட்டும் இருக்கிற வீடு. பக்கத்து வீட்டில் யார் காதிலாவது விழுந்ததோ என்று வேறு பதறிப்போய், உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தேன்.

ஆவடியிலிருந்து வந்திருந்தார். ரயில் டிரைவரான கணவர் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். வருகிற வாரம் முப்பதாம் நாள். போன மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து ஆல்பம் முழுக்க நாசம். மிச்சம் இருந்தது வேலையில் சேர்ந்தபோது எடுத்த அடையாள அட்டைப் படம்தான். “அதுல மீசகூட மொளைக்கல. எம் பொண்ணே யாரு இதுன்னு கேக்குது. கொரட்டூர்ல ஒரு டீச்சரம்மா ரயில போட்டோ புடிச்சிகினே இருப்பாங்க, நான் எட்டிப் பாத்து சிரிப்பேன்னு சொல்வாரு. அத நம்பி வந்துட்டேன்” என்றார்.

அந்த டீச்சரம்மா என் அம்மாதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, முட்டி வலி வந்த பிறகும் கேமராவை விடவில்லை. பெற்ற பெண்ணை எடுத்ததைவிட என்ஜினை எடுத்ததுதான் அதிகம். ரயிலில் அப்படி என்னதான் இருக்கிறதோ, எனக்கு விளங்கியதே இல்லை.

அம்மா ஆல்பங்களைக் கொண்டுவந்து வைத்தார். புரட்டப் புரட்ட ரயில், ரயில், ரயில். மருந்துக்குக்கூட ஓர் ஆள் இல்லை. பெண்மணி கடைசிப் பக்கம்வரை புரட்டிவிட்டுக் கேட்டார்: “வேற இல்லியா டீச்சரம்மா?”

அம்மா தயங்கித் தயங்கி ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்தார். “இதெல்லாம் கெட்டுப்போனதும்மா. தலைய நீட்டி படத்தையே பாழாக்கிட்டாங்க.”

“இதோ!” என்று டப்பாவிலிருந்து ஒரு படத்தை எடுத்துப் பெண்மணி கத்தியேவிட்டார். என்ஜின் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார் ஒருவர்.

அம்மா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். “இவரா! என் பிலிமை எவ்வளவு வீணடிச்சாரு தெரியுமா?”

“ஊட்லயும் அப்டித்தான் டீச்சரம்மா, ஒரு வேல ஒயுங்கா செய்ய உட மாட்டாரு” என்று சிரித்தவர், அப்படியே அம்மாவின் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

நெகட்டிவையும் தேடிக் கொடுத்த அம்மா, “முகத்தைப் பெரிசு பண்றேன்னு ரயில வெட்டிடப் போறான், ஸ்டூடியோக்காரன்கிட்ட சொல்லி வைம்மா” என்றார்.

பெண்மணி போனதும் டப்பாவைக் கிளறினேன். அதே ஆள், அதே சிரிப்பு, படத்துக்குப் படம். “தலைய நீட்டுவாருன்னு தெரிஞ்சும் ஏம்மா எடுத்தே? கெட்டுப்போனதுன்னா தூக்கிப் போட வேண்டியதுதானே?” என்று கேட்டேன். “போய் அடுப்பைப் பாரு” என்றார் அம்மா.

அம்மா ரயிலைத்தான் எடுத்தாரா, அந்தச் சிரிப்பையும் சேர்த்தா என்பது எனக்கு இன்றுவரை குழப்பம்தான்; ஆனால் அந்த டப்பாவில் உள்ள ஒரு படத்தைக்கூட கெட்டுப்போனது என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.