வேலி மெழுகுவத்தி எரியும்வரை

மூணாங்கிளாஸ் தாண்டாத நான் சொந்தக் கையால் எழுப்பிய மூன்றாவது தேநீர்க்கடையில் நேற்றுக் கரண்ட் போய், மெழுகு உருகும் வாசனை வந்ததும், இன்சீனில் நான் வளர்ந்த, இப்போது இடித்துவிட்ட ரயில்வே லயன் வீடுகளுக்கே நினைவில் போய்விட்டேன். தடிங்ஜூட் என்னும் பர்மிய விளக்குத் திருவிழாவில் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களை மண்டியிட்டுக் கும்பிட்டால் பலகாரம் கிடைக்கும். ஆனால் வேலியில் மெழுகுவத்தி எரிகிற வீட்டில்தான் நுழையலாம், அணைந்த வீட்டில் குரல்கூடக் கொடுக்கக் கூடாது, அதுதான் லயன் மரியாதை.

ரயில் கார்டின் மனைவி டோ கின் செய்யும் தேங்காய் ஒட்டரிசிப் பலகாரத்துக்காக வருஷம் பூராவும் காத்திருந்த நாங்கள் நாலு பேர், செருப்பைக் கையில் பிடித்து ஓடிப்போய்ப் பார்த்தால், அவர் வேலியில் ஒரே ஒரு திரி காற்றில் துடிக்கிறது. நான்தான் பாய்ந்து இரண்டு கையாலும் அணை கட்டினேன். மெழுகு சுடச்சுட விரலில் வழிந்தும் விடவில்லை.

“எல்லாம் அணைஞ்சிருச்சு, போங்கடி!” என்றார் டோ கின் உள்ளேயிருந்து.

“எரியுது அத்தை, வந்து பாருங்க!”

வந்தார், என் விரல்களைப் பார்த்தார், சிரித்துவிட்டார். கும்பிட்டு எழுந்ததும் ஆளுக்கொரு இலைப் பொட்டலம், எனக்கு மட்டும் இரண்டு. தெருமுனையில் அடுத்த கூட்டம் தெரிந்ததும், காலித் தட்டோடு அவரே குனிந்து மெழுகுவத்தியை ஊதி அணைத்தார்.