கமாண்டோ கத்தியைப் பிடிக்க அல்சூர் போனேன்

நான் சேலத்தில் சித்திரக்கதை வரைகிறவள். போன மாதம் ஒரு போர்க் கதை வரைந்தேன். அதில் நாயகி கமாண்டோ கத்தியால் எதிரியை வீழ்த்தும் பன்னிரண்டு பக்கங்களைப் பார்த்த பதிப்பாளர், "என்னம்மா, தேங்கா உடைக்கிற அருவா மாதிரி புடிச்சிருக்கா?" என்றார். திங்கட்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் கதை வேறொருவர் கைக்குப் போய்விடும். எனக்கு வந்ததே கோபம்! நிஜக் கத்தியைப் பிடித்துப் பார்க்காமல் பென்சிலைத் தொடுவதில்லை என்று சனிக்கிழமை காலை பெங்களூருக்கு ரயிலேறிவிட்டேன்.

மெஜஸ்டிக்கில் மெட்ரோ ஏறப் போனால், பையிலிருந்த பேப்பர் கட்டருக்காக நிறுத்திவிட்டார்கள். கத்தி பார்க்கப் போகிறவளுக்கு இது தேவைதான்! கட்டரை விட்டுவர மனசில்லாமல் ஆட்டோ பிடித்தேன். சுமார் ஏழு கிலோமீட்டர், இருநூற்று இருபது ரூபாய்.

கத்தி வைத்திருக்கும் ராபின், பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் கணக்கர். பழைய ராணுவச் சாமான்கள் சேர்க்கிறவர். இணையத்தில் பழக்கம். அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் வீடு. நான் உட்காருவதற்குள், "பாக்கலாம் மேடம், தொட வேணாம். வேர்வை பட்டா துரு புடிச்சிரும்" என்றார்.

"பாத்துட்டுப் போறதுக்கு ஃபோட்டோவே போதுமே சார். தொடாம நான் கிளம்ப மாட்டேன்."

அவர் மனைவி மெர்சி சிரித்துவிட்டார். "குடுங்க, பாவம். அப்புறம் எண்ணெ போட்டுத் தொடைச்சா ஆச்சு."

இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கத்தி. அலகு ஏழு அங்குலம், இருபுறமும் கூர், நுனி ஊசி. எடை முழுக்கப் பித்தளைக் கைப்பிடியில். வழுக்காமலிருக்கப் பிடியெங்கும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறியிருக்கிறார்கள். ஆனால் பிடி உருண்டை. கைக்குள் சுழன்றுகொண்டே இருந்தது. அலகு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்காமல் சொல்ல முடியவில்லை.

"கட்டவெரல அந்தத் தடுப்புத் தகடு மேல வைங்க. ஸ்வல்ப, கொஞ்சம் லூசா புடிங்க" என்றார் ராபின். வைத்ததும் அலகு படுக்கைவாட்டில் நின்றது.

"ஏன் படுக்கையா?"

"விலா எலும்புக்கு நடுவுல போகணுமே மேடம்."

வெட்டுவதற்கான கத்தியே இல்லை அது. கத்தியை உறையிலிட்டு, அவரை எதிரே நிற்கச் சொல்லி நீட்டினேன். எட்டவில்லை. ஓரடி நெருங்கினேன், அப்போதும் எட்டவில்லை. இன்னும் நெருங்கியபோது அவர் மூச்சு என் மணிக்கட்டில் பட்டது. மூக்கில் கண்ணாடி பதிந்த தடம், சவரத்தில் விட்டுப்போன நாலு முடி, எல்லாம் தெரிந்தது. "போதும் மேடம்" என்றார். சிரிக்கவில்லை. என் பன்னிரண்டு பக்கத்திலும் எதிரி இரண்டு ஆள் தூரத்தில், தொப்பி நிழலில் நிற்கிறான்.

இப்படிப் போகிறவர்களுக்கு: தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதை முன்பே பேசிவிடுங்கள். மெட்ரோவுக்குப் பிளேடுகூட வேண்டாம். சேலத்துக்கு மாலை ரயிலில் இடம் கிடைப்பது கஷ்டம், முன்பதிவு செய்யுங்கள்.

ஞாயிறு முழுக்க வரைந்தேன். பிடி இப்போது கச்சிதம், எந்தப் பட்டாளத்துக்காரரும் குறை சொல்ல முடியாது. எதிரியைப் பக்கத்தில் கொண்டுவந்து முகமும் போட்டேன். அதற்குப் பிறகு நாயகி அவனைக் குத்துவதாக வரைய எனக்குக் கை வரவில்லை. "குத்த மாட்டா சார், கதைய மாத்துங்க. இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்குங்க" என்று திங்கட்கிழமை காலையில் பதிப்பாளரிடம் சொல்லிவிட்டேன்.